அகல ரோட்டைக் கடந்த குடங்கள்

புன்னைக்கேணி ஹவுஸிங் போர்டு காலனியின் நூற்றுத் தொண்ணூற்றாறு குடங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு முப்பத்தெட்டுக்கு, வரிசை கலையாமல், ஒன்றன் பின் ஒன்றாக அகல ரோட்டைக் கடந்து ஸ்டேஷனுக்குப் போயின என்பதில் காலனியில் இரண்டு கருத்து கிடையாது. இரண்டு கருத்து இருந்ததெல்லாம், அன்றைக்கு வரிசையில் ஏழாவதாக நின்றது அஞ்சலாட்சியின் ரோஸ் குடமா, ரமீஜா அக்காவின் பச்சைக் குடமா என்பதில்தான்.

அந்த ரோடு முதலில் ரோடே இல்லை. காலனி கட்டிய காலத்தில் காலனிக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே இருந்தது ஒரு சாதாரணத் தெரு, தெருவைத் தாண்டினால் ஸ்டேஷனின் மேற்கு வாசல், வாசலுக்கு ஏழு படி, படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொந்து, பொந்துக்குள் ஒரு தையல் மெஷின், மெஷினுக்குப் பின்னால் அஞ்சலாட்சியின் புருஷன் தேவராசு. காலை ரயிலுக்குப் போகிறவர்கள் நீளமான பேன்ட்டையும் பிய்ந்த ஜிப்பையும் அவனிடம் வீசிவிட்டு ஓடுவார்கள், மாலை ரயிலில் இறங்கும்போது எல்லாம் மடித்துத் தயாராக இருக்கும். பிறகு தெருவை அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்தியதும் கார்கள் வந்து நிரம்பின, நிரம்பியதைக் காட்டி மறுபடி அகலப்படுத்தினார்கள், மறுபடி நிரம்பியது, அப்போது நடைபாதையை எடுத்தார்கள், அப்புறம் பதினொரு வேப்பமரத்தை எடுத்தார்கள், அப்புறம் ஏ பிளாக்கின் முன்வாசலையே பாதி எடுத்தார்கள், இப்படி எடுத்து எடுத்து அது எட்டுத் தடமாகி, நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கம்பிவேலி முளைத்து, வேலியில் மேற்கு வாசலுக்கு நேராக ஒரே ஓர் இடைவெளி மட்டும் மிச்சமிருந்தது. அங்கே சிக்னல் வரும் என்று சொல்லி விட்டுவைத்த இடம் அது. சிக்னல் வரவில்லை. நேரே நாற்பத்தோர் எட்டு எடுத்து வைத்தால் வந்துவிடுகிற ஸ்டேஷனுக்கு இப்போது வடக்கே போய் யூ-டர்னில் திரும்பி வந்தால் இரண்டேகால் கிலோமீட்டர்.

அந்த இடைவெளியை நம்பித்தான் தேவராசு ஒருநாள் குறுக்கே போனான். மூன்றாவது தடமும் நாலாவது தடமும் சேருகிற இடத்தில் ஒரு வெள்ளை கார் அவனைத் தூக்கிப் போட்டது. இடது தொடைக்குள் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கம்பி வைத்து அனுப்பினார்கள். எட்டு மாதமாக அவன் ஏ பிளாக் இரண்டாவது மாடி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டுப் பொந்தில் பூட்டிக் கிடக்கும் தன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவி அவன் அரைஞாணில் தொங்கியது.

இந்த நிலைமையில்தான் மேற்கு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த வாசலைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை குறைந்துவிட்டபடியால் இதை நிரந்தரமாக மூடி, படிக்கட்டை இடித்து, முந்நூற்றைம்பது கார்கள் நிற்கும் இடத்துக்கு ஏறுபாதை அமைக்கப்படும். ஒரு வாரக் கணக்கெடுப்பில் நடந்து கடப்போர் போதுமான அளவு இருப்பதாகத் தெரியவந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்யப்படும்.

"வாசல அடச்சி வெச்சிட்டு, உன் வூட்டுக்கு ஏன் விருந்தாளியே வர்றதில்லன்னு கேக்குற மாதிரி இருக்கு," என்றாள் அஞ்சலாட்சி. அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள், ஆறு ஐம்பத்திரண்டு ரயிலைப் பிடிக்க தினமும் ஷேர் ஆட்டோவில் இரண்டேகால் கிலோமீட்டர் சுற்றுகிறவள், சண்டை என்று வந்தால் சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாதவள்.

படிக்கட்டு போனால் பொந்தும் போகும். தேவராசு அரைஞாணில் தொங்குகிற சாவியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கணக்கெடுக்க ஆள் வந்தார். பெயர் சுகவனம். நாற்பது வயது, ஒப்பந்த வேலை, ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, கையில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாய் எண்ணுகிற கருவி. காலனி முனையில் குழாயடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை வண்டிகளை எண்ணி அழுத்திக்கொண்டே இருந்தார். நடப்பவர் கட்டத்தில் மாலையில் இருந்தது ஒரு சைபர்.

"ஒருத்தரும் கடக்கலையேம்மா," என்றார் பரிதாபமாக.

"எப்படி சார் கடப்பாங்க? கடந்தா செத்துப் போவாங்க. செத்தவங்களுக்கு உங்க நோட்டுல கட்டம் இருக்கா?"

"அது வேற இலாகா."

காலனியின் குழாயடி வரிசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புன்னைக்கேணியில் தண்ணீர் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வரும், ஆனால் வரிசை விடிகாலையிலேயே தொடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது தங்கள் குடத்தை வைத்துவிட்டுப் போவார்கள், நாள் முழுக்கக் குடம் நிற்கும், நிற்கிற குடம் ஆள் நிற்கிறதற்குச் சமம். அடுத்தவர் குடத்தை நகர்த்தக் கூடாது, தாண்டக் கூடாது, அதன் முன்னால் செருகக் கூடாது. வெயில் வரும், மழை வரும், தேர்தல் வரும், குடத்தின் இடம் மாறாது. இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரும் இல்லை, ஆனால் காப்பாற்றுகிறவர் ரமீஜா அக்கா. ஐம்பத்து மூன்று வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ, இரண்டு முட்டியிலும் வலி, குரலில் மட்டும் ஒரு வலியும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. அஞ்சலாட்சி தன் ரோஸ் குடத்தை வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்காகத் திரும்பியபோது பின்னால் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் இன்னொரு டொக், திரும்பிப் பார்த்தால் வரிசையின் தலைக்குடம் இடுப்பைச் சாய்த்து ஓர் ஓரத்தால் ஓர் அடி, மறு ஓரத்தால் மறு அடி என்று, கனமான பாத்திரத்தை யாரோ அலுங்காமல் நகர்த்துவது போல, நகர்த்துவதற்கு யாரும் இல்லாமலே ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நீலம், அதன் பின்னால் மஞ்சள், அதன் பின்னால் விளிம்புடைந்த சிவப்பு, எல்லாம் அதே டொக் டொக், அதே வரிசை.

அற்புதம் என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை. இடம் போகிறதே!

"ஏய், எங்குடம்!" என்று கத்திக்கொண்டு அஞ்சலாட்சி ஓடினாள், "எவ தள்ளுனது!" என்று ரமீஜா அக்கா ஓடினார், நூற்றுத் தொண்ணூற்றாறு குடங்களின் சொந்தக்காரர்களும் அவரவர் குடத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முன்னால் போகிறவளைத் தாண்டாமல், வரிசைச் சட்டம் மீறாமல் ஓடினார்கள், ஓடி முடித்துக் குடங்கள் நின்றபோதுதான் தாங்கள் ஸ்டேஷன் படிக்கட்டில் நிற்பதைக் கவனித்தார்கள். பின்னால் எட்டுத் தடத்திலும் கார்கள் மூச்சடக்கி நின்றன. ஒரு கறுப்பு கார் மட்டும் பிரேக் பிடிக்கப் பிந்தி அஞ்சலாட்சியின் குடத்தில் முட்டியிருந்தது. குடத்தில் ஒரு கீறல் இல்லை, காரின் பம்பர் உள்ளே போயிருந்தது.

மணி ஆறு நாற்பத்து நாலு. ரயில் வர எட்டு நிமிஷம் இருந்தது. அஞ்சலாட்சியின் வாழ்க்கையில் ஒரு ரயிலுக்கு எட்டு நிமிஷம் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டீ குடித்தாள்.

"ஆளு குறுக்கே வந்தா ஹாரன் அடிக்கிறான், கொடம் வந்தா பிரேக் அடிக்கிறான், பாத்தியா," என்றாள் ரமீஜா அக்காவிடம்.

"பின்ன? ஆளு மேல ஏத்துனா காருக்கு இன்னா ஆவப்போவுது. கொடம்னா கீறல் வுழுமே."

அதற்குப் பிறகுதான் ரமீஜா அக்கா தன் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஓடி வந்த நாற்பத்தோர் எட்டிலும் அது வலிக்கவில்லை. அவரைப் போலவே எல்லோருக்கும் ஒரு நினைவு இருந்தது, ரோட்டில் காலே பதியாதது போல, சேலை தன்னைத் தூக்கிக்கொண்டு போனது போல, உடம்பு காலிக்குடம் மாதிரி ஆனது போல. படியில் கால் வைத்ததும் கனம் திரும்ப வந்து உட்கார்ந்தது.

அது எங்கே போயிருந்தது என்பது புதன்கிழமை தெரிந்தது. புகார் போய், காலையில் குடங்கள் நகரத் தொடங்கிய நேரத்துக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். "எடுத்து ஓரமா வைய்யா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் குனிந்து ரமீஜா அக்காவின் பச்சைக் குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். குடம் அசையவில்லை. இருவருமாகப் பிடித்தார்கள். ஒரு சாண் உயர்ந்தது, இருவர் முகமும் சிவந்தது.

"யோவ், மெதுவா," என்றார் ரமீஜா அக்கா. "அது நானு."

வரிசை சிரித்த சிரிப்பில் போலீஸ்காரர்களும் சிரித்துவிட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரின் மேடைத் தராசைக் கொண்டுவந்து குடங்கள் நடக்கும் வழியில் போட்டு, அவை ஏறி இறங்கும்போது பார்த்ததில் பச்சைக் குடம் தொண்ணூற்றிரண்டு கிலோ, ரோஸ் குடம் ஐம்பத்தெட்டு. வரிசை நகரத் தொடங்கிவிட்டால் குடம் ஆளின் கனத்தை வாங்கிக்கொள்கிறது, ஆள் குடத்தின் கனத்தில் பின்னால் போகிறாள், அக்கரை சேர்ந்ததும் அவரவர் கனம் அவரவருக்கு. இத்தனை வருஷம் நமக்காக நின்ற குடம், இப்போது நமக்காக நடக்கிறது, இதில் என்ன அதிசயம் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதைவிட முக்கியமான பேச்சுகள் இருந்தன. பக்கெட் வைத்தால் செல்லுமா? ஸ்கூல் பிள்ளைகள் வாட்டர் பாட்டில் வைக்கலாமா? பெயின்ட் டப்பா? ஒரு வீட்டுக்கு ஒரு குடமா, ஆளுக்கு ஒன்றா? எடை தெரிந்துவிடுமே என்று வர மறுக்கிற கல்யாணப் பெண்களுக்கு என்ன ஏற்பாடு? ரமீஜா அக்கா இரண்டு நாள் தீர்ப்பு சொல்லிக்கொண்டே இருந்தார்: எதை வேண்டுமானாலும் வை, தராசைத் திருப்பிக் கொடு, ஆனால் வைத்த ஆள் பின்னாலேயே வரவேண்டும்.

பின்னாலேயே வராவிட்டால் என்ன ஆகும் என்பதை பி பிளாக் சீதாபதி கண்டுபிடித்தார். வேடிக்கைக்காகக் குடத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், ஃபேன் காற்றில் எழும்பிப் போய் மேல்தளத்தில் ஒட்டிக்கொண்டார். மாலையில் குடம் திரும்பும்வரை அவர் பெண்டாட்டி அவரை நாடாவால் கட்டில் காலில் கட்டிவைத்து, அப்படியே சாப்பாடு ஊட்டினாள். "கல்யாணமாயி இருவது வருசத்துல இன்னிக்குத்தான் வூட்ல அடங்கி இருந்தாரு," என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

காலை ஆறு முப்பத்தெட்டுக்குப் போகும் குடங்கள் படிக்கட்டின் அடியில், தேவராசுவின் பூட்டிய மெஷினைச் சுற்றி, வரிசையாக நிற்கும். மாலை ஆறு பத்துக்கு ரயில் இறங்கியவர்களோடு திரும்பும். ஆறரைக்குக் குழாயடியில் அதே வரிசையில் தண்ணீர் பிடிக்கும். வியாழக்கிழமைக்குள் கார்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. முதல் நாள் ஹாரன், இரண்டாம் நாள் போட்டோ, மூன்றாம் நாள் கண்ணாடியை இறக்கி ஓர் அம்மா அஞ்சலாட்சியிடம் கேட்டாள், "தினமும் இப்படித்தானா?"

"ஆமாம்மா. ரயில் தினமும் வருதே."

வெள்ளிக்கிழமை வரிசை முந்நூற்று எழுபதைத் தாண்டியது. அதில் ஒரு குடம் மட்டும் இல்லை. தினமும் விடிகாலையில் அஞ்சலாட்சி ஓர் ஆரஞ்சுக் குடத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பாள், தினமும் தேவராசு அதைக் காலால் தள்ளி வைப்பான்.

"கனமே தெரியாதுய்யா. கால ஊன வேணாம். ரமீஜா அக்காவே பறந்து போவுது."

"கனத்துக்கு இல்லடி." அவன் ஜன்னலைப் பார்த்தான். "அந்த எடத்தத் தாண்டணும்ல."

அஞ்சலாட்சிக்குக் கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, படியிறங்கி வந்தாள், சுகவனம் இருந்தார். சுகவனம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"ஆபீஸிலேர்ந்து போன் வந்தது," என்றார். "குடத்தோட கடக்குறவங்களை நடப்பவர் கட்டத்துல போடக் கூடாதாம். 'இடையூறு'ன்னு போடணுமாம்."

"இன்னாது?"

"நான் சொல்லலைம்மா, பொறியாளர் சொல்றார். ரோட்டுக் கணக்குல எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு. கார்தான் அளவுகோல். ஒரு கார் ஒண்ணு. பஸ் மூணு கார். டூவீலர் அரை கார். மாட்டுவண்டிக்குக்கூட உண்டு, தள்ளுவண்டிக்கும் உண்டு."

"நான்?" என்றார் ரமீஜா அக்கா, குடத்தின் மேல் கையூன்றி. "நான் எத்தினி காரு?"

சுகவனம் பட்டியலை மேலிருந்து கீழ் வரை விரலால் தேடினார். "நீங்க இதுல வரலைக்கா."

"தொண்ணூத்திரெண்டு கிலோ இருக்கேன், எதுலயுமே வரலயா?"

"மாடு வருது, நாங்க வரலன்னா," என்றாள் அஞ்சலாட்சி, "நாங்க வராத கணக்க வெச்சிகினு எங்க வாசல மூடுறீங்க. கடக்க முடியாதப்ப கடக்கலன்னு எழுதுனீங்க, கடந்தப்புறம் இடையூறுன்னு எழுதுறீங்க. சார், உங்க கட்டைவிரலக் கேக்குறேன், அது தினமும் அழுத்துச்சா இல்லையா? அழுத்துனப்ப அதுக்கு இடையூறுன்னு தெரிஞ்சிச்சா, ஆளுன்னு தெரிஞ்சிச்சா?"

சுகவனம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். "ஆளுன்னுதாம்மா தெரிஞ்சுது," என்றார் மெதுவாக. பிறகு போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார், பத்து நிமிஷம் கழித்து வியர்த்துப்போய் வந்தார். "நாளைக்கு அவரே நேர்ல வர்றாராம். வந்து ஒரு முடிவு சொல்லிடுவாராம்."

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பொறியாளர் குணசீலன் காரில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் அல்ல. புன்னைக்கேணியின் வழியாகப் பதினாறு வருஷம் போய்வந்தவர், எல்லாத் தடவையும் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர், ரோட்டின் ஒவ்வொரு அகலத்துக்கும் கையெழுத்து போட்டவர், அவ்வளவுதான். நின்ற வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"பிளாஸ்டிக் குடத்தை வச்சுக்கிட்டு இதுதான் ஆள்னா எப்படிம்மா? குடம் குடம்தான். மனுஷன் மனுஷன்தான்."

"அதான் சார் நாங்களும் சொல்றோம், மனுசன் மனுசன்தான்னு," என்றாள் அஞ்சலாட்சி. "உங்க பட்டியல்லதான் மனுசன் கால் காரு கூட இல்ல."

குணசீலனுக்கு வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை. தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை, எவர்சில்வர், மூடியில் ஆபீஸ் முத்திரை, உயர்த்திக் காட்டினார். விடுவிடுவென்று வரிசையின் வால்முனைக்குப் போனார். கடைசிக் குடத்துக்குப் பின்னால் டக்கென்று வைத்தார்.

"இதோ வச்சிட்டேன். சொல்லுங்க, இது நானா? இது குணசீலனா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பாட்டிலைப் பார்த்தது.

"சார்," என்றார் ரமீஜா அக்கா, அந்த வாரத்திலேயே முதல் தடவையாகக் கெஞ்சுகிற குரலில், "எடுத்துடுங்க சார். வெளையாட்டு இல்ல. வெச்சா வெச்சதுதான்."

"எடுக்க மாட்டேன். அது அங்கேயே கிடக்கட்டும், நான் இங்கேயே நிக்கிறேன், எல்லாரும் பாருங்க."

ஆறு முப்பத்தெட்டு. டொக். தலைக்குடம் இறங்கியது. வரிசை இறங்கியது, கார்கள் நின்றன, பெண்கள் பஞ்சாய்ப் பின்தொடர்ந்தார்கள், அஞ்சலாட்சி ஏழாவதாகக் கடந்து படியேறித் திரும்பிப் பார்த்தபோது வரிசையின் வாலில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டில்களுக்குப் பின்னால், ஆபீஸ் முத்திரை போட்ட எவர்சில்வர் பாட்டில் ணங் ணங் என்று பதவிசாக நடந்து வந்துகொண்டிருந்தது. அது ஏழு படியின் அடியில் வந்து நின்றது. ரோடு திறந்தது. கார்கள் சீறிக்கொண்டு கிளம்பின.

முதலில் ஒரு பஸ் போனது, அந்தக் காற்றில் குணசீலனின் அடையாள அட்டை முகத்துக்கு நேராக மேலே பறந்தது. அடுத்து ஒரு கன்டெய்னர் லாரி, அதற்கு அவரே ஒரு முழம் எழும்பினார். ஷூ இரண்டும் தரையிலேயே இருந்தன. டிரைவர் ஓடிவந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார், பிடித்த கையில் ஒரு பிளாஸ்டிக் பை கனம்தான் இருந்தது.

"என்னைக் கீழே விடுய்யா!"

"நான் தூக்கலை சார்!"

"சார், அந்தப் பக்கம் போங்க!" என்று சுகவனம் கத்தினார். "உங்க பாட்டில் கிட்ட போனாத்தான் கனம் வரும்!"

"எப்படிப் போறது? கார் வருதே! கார் நிக்கவே மாட்டேங்குதே!"

இந்தப் பக்கம் ஸ்டேஷன் படியில் நின்ற அஞ்சலாட்சிக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை, வாயசைவு மட்டும் தெரிந்தது, ஆனால் அது என்ன வாக்கியம் என்பதை இந்தக் காலனியில் யாரும் காதால் கேட்கத் தேவையில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஏ பிளாக் பாதி வாசலிலிருந்து ஒரு கம்பு வெளியே வந்தது, கம்புக்குப் பின்னால் தேவராசு, அவன் இடுப்பில் ஆரஞ்சுக் குடம்.

ஆறு ஐம்பத்திரண்டு ரயில் பின்னால் வந்து நின்றது. ரமீஜா அக்கா கூப்பிட்டார். அஞ்சலாட்சி வரவில்லை என்று தலையை ஆட்டினாள். ரயில் போனது.

தேவராசு ரோட்டு ஓரத்தில் குடத்தை வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. வரிசை போய்விட்டது, இது ஒற்றைக் குடம். அவன் குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்து, அளவு கொடுக்க வந்தவர் தோளைத் திருப்புவது போல, ஸ்டேஷன் பக்கம் லேசாகத் திருப்பிவைத்தான். டொக் என்று ஒரு சாய்வு. நீளமாக ஓர் இழுப்பு. மறுபடி டொக், மறுபடி இழுப்பு. அந்தக் குடம் நொண்டியது. இடது பக்கம் தாங்கித் தாங்கி, ஒரு சாண் கம்பியோடு சேர்த்து அறுபத்து மூன்று கிலோ, முதல் தடத்தில் இறங்கியது. முதல் தடம் நின்றது. இரண்டாவது தடம் நின்றது.

"வா சார்," என்று தேவராசு கையை நீட்டினான். "என் கொடம் போவுது, அது பின்னாடியே போயிடலாம். கொஞ்சம் மெதுவாத்தான் போவும். கைய வுட்றாத, ரெண்டு பேருமே இப்ப காத்துல போற கேஸு."

டிரைவர் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தார். தையல்காரனும் பொறியாளரும் கைகோத்துக்கொண்டு, ஒருவருக்கும் கால் பதியாமல், நொண்டுகிற ஒரு குடத்தின் பின்னால் அகல ரோட்டில் இறங்கினார்கள். மூன்றாவது தடமும் நாலாவது தடமும் சேருகிற இடத்தில் குடம் நின்றது. தேவராசுவும் நின்றான். எட்டுத் தடத்திலும் என்ஜின்கள் அடங்கியிருந்தன, அந்த ரோட்டில் ஒரு மனிதக் குரல் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"இங்கதான் சார்," என்றான்.

"எது?"

"வெள்ள காரு. எட்டு மாசம் ஆவுது." கீழே பார்த்தான். தார்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. வேறென்னவோ இருக்கும் என்று அவன் எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான் போல. "சரி, வா."

வேலி இடைவெளியில் ஒரு கம்பிமுனை குணசீலனின் பேன்ட் காலைப் பிடித்து இழுத்து, தையலைப் பிரித்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. ஏழு படியின் அடியில் வந்ததும் இருவருக்கும் கனம் திரும்பியது. குணசீலன் தொப்பென்று படியில் உட்கார்ந்தார். தேவராசுவின் இடது கால் மொத்தக் கனத்தையும் ஒரேயடியாக வாங்கிக்கொண்டு நடுங்கியது, அவன் பல்லைக் கடித்தான், கைப்பிடியைப் பிடித்தான், அஞ்சலாட்சி ஓர் அடி முன்னால் வைத்தவள் நின்றுகொண்டாள். அவன் நின்றான். அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தான். பூட்டு துருப்பிடித்திருந்தது, திறந்தது.

"பேன்ட்ட கழட்டு சார்," என்றான்.

"என்ன?"

"கால் பக்கம் தையல் வுட்டுட்ச்சி. அஞ்சு நிமிசம்."

குணசீலன் தேவராசுவின் துண்டைக் கட்டிக்கொண்டு, ஷூ இல்லாத கால்களோடு, மேற்கு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மெஷின் முதலில் முனகியது, அப்புறம் எண்ணெய் குடித்துவிட்டு ஓடத் தொடங்கியது, எட்டு மாதச் சத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்பது போல ஓடியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய கார் நின்றது, காருக்குள் அவருடைய போன், கார் பக்கத்தில் அவருடைய ஷூ. நாற்பத்தோர் எட்டுத் தூரம். நடுவே கார்கள், கார்கள், கார்கள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இப்போ அந்தப் பக்கம் எப்படிப் போறது?" என்றார்.

மெஷின் நின்றது. அஞ்சலாட்சி பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

டிரைவர் யூ-டர்ன் போய்த் திரும்பி வர ஐம்பது நிமிஷம் ஆனது. எதிர்ப்பக்கம் குடைக்கடியில் சுகவனம், யாரும் சொல்லாமல், நடப்பவர் கட்டத்துக்கான பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார்.

மேற்கு வாசலை மூடவில்லை. கார்களுக்கான ஏறுபாதை, வேறு யாருடைய வாசலையோ தேடிப் போயிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இடைவெளிக்கு நேராக வெள்ளைக் கோடுகள் போட்டார்கள், சிக்னல் நட்டார்கள். அது முதல்முதலாகப் பச்சை காட்டிய காலையில் காலனியே சொந்தக் கனத்தோடு ரோட்டில் இறங்கியது. ரமீஜா அக்கா முட்டியைத் திட்டிக்கொண்டே நடந்தார், பிள்ளைகள் கோட்டுக்குக் கோடு தாவினார்கள், மேளம் ஒன்றுதான் குறை. குடங்கள் குழாயடியில் அப்படியே நின்றன. அவற்றுக்கு வேலை முடிந்துவிட்டது.

ஒன்றைத் தவிர. சிக்னல் நடப்பவர்களுக்குக் கொடுத்தது இருபத்திரண்டு செகண்ட். தேவராசுவுக்கு ஒரு நிமிஷம் பத்து செகண்ட் வேண்டும். இருபத்திரண்டாவது செகண்டில் விளக்கு மாறும், கார்கள் உறுமிக்கொண்டு ஓர் அங்குலம் முன்னால் வரும், வந்து பார்த்தால் நாலாவது தடத்தின் நடுவில், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஓர் ஆரஞ்சுக் குடம் நிற்கும். அதன் பின்னால் கம்பை ஊன்றி, தன் கனத்தைத் தானே சுமந்து ஒருவன் வந்துகொண்டிருப்பான். ஹாரன் அடிப்பதில்லை. அவன் வந்து சேர்ந்ததும் குடம் அடுத்த தடத்துக்கு நகரும்.

"இருவத்திரெண்டு செகண்டுன்னு யாரு நடந்து பாத்து வெச்சது?" என்று அஞ்சலாட்சி மூன்றாவது கடிதத்தைச் சுகவனத்தின் கையில் கொடுத்தாள். "கொடத்துக்குக் காத்திருக்க முடியுதுல்ல? அதே நேரத்த ஆளுக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

"பரிசீலனையில இருக்காம்மா."

"இருக்கட்டும்," என்றாள் அவள், சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ரயிலுக்கு எட்டு நிமிஷம் முன்னால். "அது வரைக்கும் கொடம் நடக்கும்."